ஐயாயிரம் அடிக் கோடு

1970களின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்துப் பாடசாலைப் பிள்ளைகள் மலைநாட்டுக்குச் சுற்றுலாப் போவதென்றால், பொல்கஹவெலையில் இறங்கி, பெட்டி படுக்கை, சோற்றுப்பானை, அகப்பை சகிதம் பதுளை ரயிலுக்காக மேடையில் குந்தியிருக்க வேண்டும். நாமும் அப்படித்தான் போனோம். ஒகியாவில் இறங்கியபோது விடிந்தும் விடியாத நேரம். பற்கள் கிட்டின. அங்கிருந்து ஹோட்டன் சமவெளிக்கு நடை. பானைகளைச் சுமக்க, பக்கத்துத் தோட்டத்து இளைஞர் ஒருவரை ஆசிரியர் கூலிக்குப் பிடித்தார். எம்மைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருந்திருப்பார். ஆயினும் அன்று நாம் எல்லோரும் அவரை 'அவன்' என்றே சொன்னோம்.

உலக முடிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே பார்க்க ஒன்றுமில்லை. முன்னால் வெள்ளைச் சுவர் போல முகில். "பார்த்தாச்சு, இனிச் சாப்பிடுவம்" என்றார் ஆசிரியர். சோற்றுப் பொதியை அவிழ்க்கும்போது முகில் ஓரிடத்தில் கிழிந்தது. ஏறத்தாழ 2,800 அடிக்குக் கீழே பச்சை விரிப்பும், அதன் நடுவே தீப்பெட்டிகளை அடுக்கியதுபோலத் தகரக் கூரைகளும் தெரிந்தன. "அந்தா தெரியுதில்ல, அது எங்க அத்தை லயமுங்க" என்றார் பானை சுமந்து வந்தவர். பிறகு, யாரும் கேட்காமலே, "எங்களுக்குப் பாஸ்போட் வந்திருச்சு. தை கழிஞ்சதும் இந்தியாவுக்குப் போறோம்" என்றார். இந்தியாவில் எங்கே என்று எம்மில் ஒருவன் கேட்டான். "தெரியாதுங்க." இந்தியா என்றதும் எமக்குச் சினிமாவும் பட்டணமும்தான் நினைவுக்கு வந்தன. கொடுத்து வைத்தவன் என்று நினைத்தோம். முகில் மறுபடி மூடிக்கொண்டது.

அந்தச் சமவெளியின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கியது வெகுகாலம் கழித்து, நாமும் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கடவுச்சீட்டோடும் அது இல்லாமலும் வந்து சேர்ந்த பிறகுதான். படிக்கப் படிக்க, அந்தக் காட்டின் கதையும் அந்த இளைஞரின் கதையும் ஒரே கோட்டின் இரண்டு பக்கங்கள் என்றே தோன்றியது.

கோட்டுக்கு வருவதற்கு முன் பெயரைப் பற்றிக் கொஞ்சம். சிங்களத்தில் அவ்விடத்துக்கு மஹ எலிய தென்ன என்று பெயர். பெரிய வெட்டவெளி என்று பொருள் கொள்ளலாம். இராவணனின் விமானம் இறங்கிய இடமென்று பக்கத்திலுள்ள தொட்டுபொல மலையைச் சொல்வார்கள். அனுமன் வாலில் வைத்த தீ பட்டுத்தான் அங்கே மரம் முளைக்காமல் புல்வெளியானது என்றும் கதையுண்டு. 1834இல் நுவரெலியாவில் நிலைகொண்டிருந்த ஃபிஷர், வாட்சன் என்ற இரண்டு இளம் ஆங்கில அதிகாரிகள் வேட்டைக்குப் போன இடத்தில் அதைக் 'கண்டுபிடித்து', அப்போதைய தேசாதிபதி சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரை வைத்தார்கள். இவர் 1831 முதல் 1837 வரை இலங்கையை ஆண்டவர். வில்மட் என்பதே அவர் பிறந்த குடும்பத்தின் பெயர். மாமனாரின் உயிலின்படி மனைவியின் குடும்பப் பெயரான ஹோட்டனையும் சேர்த்துக்கொண்டார். அந்த மனைவியின் அழகைப் பார்த்துத்தான் கவிஞர் பைரன் 1814இல் தனது புகழ்பெற்ற கவிதைகளில் ஒன்றை எழுதினார். ஆக, சமவெளியில் இருப்பது ஒரு விதத்தில் அந்த அம்மையாரின் பெயர்.

எமக்கு முக்கியமாகப்படுவது வேறொன்று. இலங்கைக்கு வருவதற்கு முன் ஹோட்டன் இலண்டனில் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சில் உதவிச் செயலாளராக இருந்தார். ஏழைகளை அரசாங்கச் செலவில் கப்பலேற்றி வேறு நாடுகளுக்கு அனுப்பிவிட்டால் வறுமை தீரும் என்பது அவருடைய உறுதியான கொள்கை. 1823இலும் 1825இலும் அயர்லாந்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அவருடைய திட்டத்தின்படி கனடாவுக்கு அனுப்பப்பட்டனர். மனிதரை ஓரிடத்தில் பிடுங்கி இன்னோரிடத்தில் நடுவதையே அரசியல் தத்துவமாகக் கொண்டிருந்தவரின் பெயரை அந்த மலைக்கு வைத்தது தற்செயல்தான். ஆயினும் பின்னால் நடந்தவற்றை அறிந்தவர்களுக்கு அது தற்செயலாகத் தெரிவதில்லை.

முதலில் வந்தது துப்பாக்கி. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர், பின்னாளில் நைல் நதியின் ஊற்றைத் தேடிப் போய்ப் புகழ்பெற்றவர், ஹோட்டன் சமவெளியில் நாய்க்கூட்டத்தை விட்டு மரைகளைத் துரத்தி வேட்டையாடினார். 1850களில் அவர் எழுதிய இரண்டு நூல்களையும் வாசிக்கலாம். எழுத்தில் உயிர் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் இரத்தம். சமவெளியிலுள்ள நீர்வீழ்ச்சிக்கு இன்றும் அவர் பெயர்தான். அவருக்கு முன்னரே மேஜர் றொஜர்ஸ் என்பவர் மலைநாட்டில் ஆயிரத்து நானூறு யானைகளைக் கொன்றதாகக் கணக்குண்டு. அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். மலைநாட்டின் பல பாதைகள் முதலில் யானைகள் நடந்து போட்டவை. செங்குத்தான சரிவில் எங்கே ஏற வேண்டும், எங்கே வளைய வேண்டும் என்பதை யானைக்குத் தெரிந்த அளவு நில அளவையாளருக்குத் தெரியாது. அந்தப் பாதையிலேயே றோட்டுப் போட்டுவிட்டு, பாதை போட்டவனைச் சுட்டுத் தள்ளினார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஹோட்டன் சமவெளியில் யானை இல்லாமற் போயிற்று.

துப்பாக்கிக்குப் பின்னால் கோப்பி. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உரித்துக் காட்ட முடியாத காடு எல்லாம் அரசுக்குச் சொந்தம் என்றது. அரசு அதைத் துரைமாருக்கு விற்றது. காட்டை விழுத்தும் முறை பற்றி அக்காலத்தவர் எழுதியிருப்பதை வாசித்தால் உடல் சிலிர்க்கும். சரிவின் அடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மரத்தையும் பாதிவரை வெட்டிக்கொண்டே மேலே போவார்கள். ஒன்றும் விழாது. உச்சியிலுள்ள பெரிய மரத்தை மட்டும் முற்றாக வெட்டுவார்கள். அது விழும்போது கீழுள்ளதை அடித்து, அது அதற்குக் கீழுள்ளதை அடித்து, மலைச்சரிவு முழுவதும் ஒரே இரைச்சலோடு சாயும். பிறகு வெயிலில் காயவிட்டு நெருப்பு வைப்பார்கள்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காட்டை வெட்டி மலைநாட்டை உருவாக்கியவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள் என்று மேடைகளில் பெருமையாகச் சொல்லும் வழக்கம் எம்மிடம் உண்டு. அது பாதி உண்மைதான். கோப்பிக் காலத்தில் மரம் விழுத்தும் ஒப்பந்தங்களைப் பெரும்பாலும் எடுத்தவர்கள் கோடரி பிடிக்கத் தெரிந்த சிங்களக் கிராமத்தவர்கள். எரிந்த சாம்பலில் குழி வெட்டியதும், நட்டதும், களை பிடுங்கியதும், பழம் பறித்ததும், றோட்டுப் போட்டதும், வருடக்கணக்கில் அந்தச் சரிவில் நின்றதும் தமிழர்கள். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து கங்காணியின் பின்னால் வந்து, தலைமன்னாரில் இறங்கி, மாத்தளைவரை காட்டுவழியே நடந்தவர்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குச் சரியான கணக்கில்லை. 1849இல் கொழும்புப் பத்திரிகையொன்று, முந்திய சில ஆண்டுகளில் மாத்திரம் 70,000 பேர் இறந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டது. யானைக்காவது எண்ணிக்கை எழுதி வைத்த வேட்டைக்காரன் இருந்தான்.

இனிக் கோடு. 1869இல் இலங்கையின் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறத் துரு நோய் கண்டது. பதினைந்து இருபது ஆண்டுகளில் அது கோப்பியை ஒழித்துக்கட்டியது. ஆனால் தொடக்கத்தில் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்ததால் மேலும் மேலும் உயரத்துக்குக் காடு கேட்டார்கள். அவ்வேளையில்தான், 1873இல், இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் டால்ட்டன் ஹூக்கர் ஓர் ஆலோசனை கூறினார். ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காடுகளில் கை வைக்காதீர்கள் என்பதே அது. குடியேற்ற அரசாங்கமும் அந்த உயரத்துக்கு மேல் முடிக்குரிய காட்டை விற்பதை நிறுத்தியது.

ஹூக்கர் மிருகங்கள்மீது இரக்கப்பட்டு இதைச் சொல்லவில்லை. உச்சிக் காடு போனால் ஊற்று வற்றும், மழை குறையும், கீழே மண் கரைந்து ஓடும் என்ற கவலைதான். கீழே இருந்தவை தோட்டங்கள். மேலே காடு நிற்க வேண்டியது கீழே இலாபம் நிற்பதற்காக. கோடு எல்லா இடத்திலும் மதிக்கப்படவுமில்லை. ஏற்கெனவே விற்ற காணிகள் விற்றவையே. நுவரெலியாவைச் சுற்றி ஆறாயிரம் அடிக்கு மேலும் தேயிலை ஏறியதை இன்றும் பார்க்கலாம். ஆயினும் ஹோட்டன் சமவெளி தப்பியது. நோக்கம் என்னவாயினும், அந்த ஒரு சொல்லினால் ஒரு காடு நூற்றைம்பது ஆண்டுகள் நின்றது என்பதை நாம் மறந்துவிடலாகாது. வெள்ளைக்காரன் செய்ததெல்லாம் சூது என்று ஒரே வரியில் எழுதி முடிப்பது எமது பத்திரிகைகளில் சுலபமாக நடக்கும் காரியம்.

அந்தக் காடு எப்படிப்பட்டது? ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில் அலையலையான புல்வெளி. அதன் பள்ளங்களிலும் சரிவுகளிலும் காடு. புல்வெளியைச் சிங்களத்தில் பத்தன என்பார்கள். கொட்டகலைக்குப் பக்கத்திலுள்ள பத்தனை என்ற ஊர்ப்பெயரில் அச்சொல் தமிழாகிக் கிடக்கிறது. மரங்கள் உயரமானவையல்ல. காற்றில் முறுகி, குடை பிடித்ததுபோலத் தட்டையாகப் படர்ந்திருக்கும். கிளை முழுவதும் பாசி, தாடிபோலத் தொங்கும் மரக்காளான் இழைகள். மழை பெய்யாத நாளிலும் காட்டுக்குள் போனால் சட்டை நனையும். முகில் இலைகளுக்கூடாகக் கடந்து போகும்போது இலையும் பாசியும் அதைப் பிடித்துத் துளியாக்கிச் சொட்டவிடுகின்றன. வானிலிருந்து விழாமல் பக்கவாட்டில் வரும் மழை அது. மரத்தை வெட்டினால் முகில் சும்மா கடந்து போய்விடும். சமவெளியின் கரி மண் அந்த நீரைப் பஞ்சுபோல உறிஞ்சி வைத்துக் கோடையிலும் கசியவிடுகிறது. மகாவலி, களனி, வளவை என்ற மூன்று பெரிய ஆறுகளுக்கும் அங்கிருந்து தண்ணீர் போகிறது. வடமத்திய மாகாணத்தில் மகாவலித் தண்ணீரில் நெல் விளைகிறது. யாருக்கு எந்த நிலம் என்ற சண்டைக்கெல்லாம் காரணமான தண்ணீரின் ஒரு பகுதி, அந்தக் கூனல் மரங்களின் இலை நுனியில் தொடங்குகிறது.

கரி மண் இன்னொன்றையும் வைத்திருக்கிறது. அதில் படிந்த மகரந்தத் தூளைத் தோண்டி ஆராய்ந்தவர்கள் 24,000 ஆண்டுகளின் மழையையும் வரட்சியையும் அதிலே படித்திருக்கிறார்கள். மனிதன் அங்கே மிகப் பழங்காலத்திலேயே தீ வைத்தான், பயிரும் செய்தான் என்று அவர்களிற் சிலர் சொல்கிறார்கள். பயிர் விடயத்தில் எல்லோரும் உடன்படவில்லை. இரண்டு இளம் அதிகாரிகள் 'கண்டுபிடித்த' இடம் எவ்வளவு பழையது என்பதற்கு இது போதும்.

செந்நிறப் பூப் பூக்கும் ரொடொடென்றன் மரம் அங்கே உண்டு. அதே இனம் நீலகிரியிலும் இமயத்திலும் உண்டு. நெலு என்றழைக்கப்படும் செடி எமது குறிஞ்சியின் இனத்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பூக்காமலிருந்து, பிறகு ஒரே பருவத்தில் காடு முழுக்கப் பூத்து, விதை உதிர்த்து மடியும். சங்கப் பாடல்களை மனப்பாடம் செய்து குறிஞ்சித் திணைக்கு முதற்பொருள், கருப்பொருள் எழுதிப் புள்ளி வாங்கிய நாம், குறிஞ்சியின் இனத்துச் செடியொன்றுக்குப் பக்கத்தில் இருந்து சோறு தின்றுவிட்டு வந்தோம். தமிழ் ஆசிரியரும் கூடத்தான் வந்திருந்தார்.

மரைகள் இப்போது கூட்டமாக மேய்கின்றன. சிறுத்தை உண்டு. மலையில் வாழும் கருங்குரங்கு, மூக்கில் கொம்பு முளைத்த ஓணான், இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத சீழ்க்கைக் குருவி எல்லாம் உண்டு. ஹோட்டன் சமவெளித் தேவாங்கு என்ற சிறிய இரவுப் பிராணி அறுபது ஆண்டுகளுக்கு மேலாக யாருடைய கண்ணிலும் படாமல், அழிந்துவிட்டதென்றே கருதப்பட்டது. 2002இல் ஒன்று தென்பட்டதாகச் செய்தி வந்தது. 2009இல் ஆய்வாளர்கள் அதைப் படமே பிடித்துவிட்டார்கள். பெரிய கண்களோடு கிளையைப் பற்றிக்கொண்டு திகைத்துப்போய் நிற்கும் அந்தப் படத்தைப் பார்த்தபோது, அகதி அடையாள அட்டைக்கு நாம் எடுத்துக்கொண்ட படங்கள் நினைவுக்கு வந்தன.

சுதந்திர இலங்கை அந்தச் சமவெளியில் முதலில் செய்த காரியம் உருளைக்கிழங்கு நட்டது. 1960களில் விதைக்கிழங்குப் பண்ணைக்காகப் புல்வெளியின் ஒரு பகுதி உழப்பட்டது. பிறகு கைவிடப்பட்டது. 1969 டிசம்பர் 5ஆம் திகதி அவ்விடம் இயற்கை ஒதுக்ககமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 1988 மார்ச் 16ஆம் திகதி தேசியப் பூங்காவாயிற்று. பரப்பு 3,160 ஹெக்டேயர். 2010இல் சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸ் மலைகளோடும் சேர்த்து உலக மரபுரிமையாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது. பாதுகாப்பு ஒவ்வொரு படியாக உயர்ந்திருக்கிறது. (காடு நலமாக இருக்கிறது என்பதல்ல இதன் பொருள். 1970களின் பிற்பகுதியிலிருந்தே மரங்கள் நின்ற நிலையில் உச்சியிலிருந்து காய்ந்து வருகின்றன. வரட்சி, மண்ணின் மாற்றம், காற்றில் வரும் மாசு என்று பல காரணம் சொல்கிறார்கள். வெள்ளைக்காரர் கொண்டுவந்த மஞ்சட்பூ முட்செடி புல்வெளியில் பரவுகிறது. அவர்கள் தூண்டில் போடுவதற்காக ஓடைகளில் விட்ட மீனும் அங்கேதான் நீந்துகிறது.)

இதே ஆண்டுகளைக் கோட்டுக்குக் கீழே வைத்துப் பார்ப்போம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையொப்பமிட்ட ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றது. 1974இல் அந்த எஞ்சியவர்களைப் பாதி பாதியாகப் பிரித்தார்கள். சமவெளிக்கு 1969இல் வர்த்தமானியில் இடம் கிடைத்த காலம், கீழே தோட்டங்களில் ஆட்களை எண்ணிப் பெயரெழுதிக் கப்பலேற்றத் தொடங்கியிருந்த காலம். தேசியப் பூங்காவான 1988இலும் பிரசாவுரிமைக்காகக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். எஞ்சியோருக்கும் உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. மரையைச் சட்டம் காத்தது. மரையை விரட்டிய நாய்களுக்குப் பின்னால் சுமை தூக்கி ஓடியவனின் பேரனை அந்தச் சட்டத்தொகுதியில் எங்கும் காணோம்.

கொழும்பைக் குற்றஞ்சாட்டிவிட்டு எழுந்து போவது எமக்குச் சுலபம். பிரசாவுரிமை விவகாரத்தில் தமிழ்க் காங்கிரஸ் பிளவுண்டு 1949இல் தமிழரசுக் கட்சி பிறந்ததைப் பெருமையோடு சொல்லுவோம். அப்போதும், அதற்கு நெடுங்காலத்துக்குப் பின்னரும், எங்கள் வீடுகளின் அடுப்படியில் மலைநாட்டுப் பிள்ளைகள் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றார்கள். பத்து வயது, பன்னிரண்டு வயது. 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைச் சிங்களவரிடமிருந்து நாம் கற்கவில்லை.

கப்பலேறியவர்கள் எங்கே போனார்கள்? மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் போயிருக்கிறார்கள். 1984இல் யுத்தத்தால் கப்பல் நின்றது. பாட்டன் புறப்பட்ட கிராமத்தில் அவர்களுக்கு நிலமுமில்லை, சொந்தமுமில்லை. தெரிந்த தொழில் தேயிலை. ஆகவே தமிழ்நாடு அரசு அவர்களுக்காகவென்று 1968இல் வனத்துறையைக் கொண்டு நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது. 1976இல் அது டான்டீ என்ற அரசுக் கம்பனியானது. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, பிறகு வால்பாறை. நட்ட இடம் வனத்துறையின் காடு. ஹோட்டன் சமவெளியைப் பார்த்தவர்களுக்கு நீலகிரியின் உயர்ந்த பகுதிகளை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அதே புல்வெளி, பள்ளத்தில் அதே கூனல் மரக்காடு. அங்கே அதைச் சோலை என்கிறார்கள். ஆக, ஒரு மலையில் காடு காக்கப்பட்ட அதே ஆண்டுகளில், அதன் அடிவாரத்திலிருந்து அகற்றப்பட்டவர்கள் கடலுக்கப்பால் இன்னொரு மலைத்தொடரில் காட்டு நிலத்தில் தேயிலை நடுவதற்கு நிறுத்தப்பட்டார்கள்.

கதை அங்கும் முடியவில்லை. டான்டீ நட்டத்தில் ஓடியது. 2022இல் அதன் தோட்டங்களில் 2,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்கத் தமிழ்நாடு அரசு தீர்மானித்தது. காட்டுக்கு நல்ல செய்திதான். யானைகளுக்கு வழி கிடைக்கும். அந்தத் தோட்டக் குடியிருப்புகளில் இருப்பவர்கள், இலங்கையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், தங்களுக்கு வீடு எங்கே என்று கேட்டுப் போராட்டம் நடத்தினார்கள். அவர்களை அக்கம்பக்கத்தார் 'சிலோன்காரர்' என்கிறார்கள். இலங்கையில் இந்தியாக்காரர் என்று அழைக்கப்பட்டவர்கள்.

ஒகியாவில் பானை சுமந்தவரின் குடும்பம் நீலகிரிக்குப் போனதோ, கொடைக்கானலுக்குப் போனதோ, திருச்சி முகாமிலேயே நின்றதோ, எமக்குத் தெரியாது. பெயர் கேட்டிருந்தால் தேடிப் பார்த்திருக்கலாம். அன்று பின்னேரம் ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று எல்லோரும் ஓட்டமும் நடையுமாக இறங்கினோம். ஆசிரியர் அவர் கையில் ஐந்து ரூபா கொடுத்தார். வாங்கி மடியில் செருகிக்கொண்டு, "இப்படிப் போனா சுருக்காப் போயிரலாமுங்க" என்று தேயிலைக்கூடாக இறங்கும் குறுக்குப் பாதையைக் காட்டிவிட்டு, மேலே முகிலுக்குள் ஏறிப் போனார்.